ஜெகதீஸ்வரி அக்காவின் கச்சான்

1998ஆம் ஆண்டு வன்னியில், தர்மபுரத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஜெகதீஸ்வரி அக்கா கச்சான் கடலை விற்றார். விசுவமடுத் தோட்டங்களில் கச்சான் பிடுங்கப் போய், கூலியில் ஒரு பங்கைக் கச்சானாகவே வாங்கி வருவார். அதை மணலில் வறுத்து, பழைய கொப்பித் தாளில் சுருட்டி விற்பார். போரில் இடம்பெயர்ந்து வந்தவர், புருசன் இல்லை. அந்தச் சுருள்களை நம்பித்தான் அவரும் மகள் ராஜினியும் உலை வைத்தார்கள்.

ராஜினி என்னோடு பத்தாம் வகுப்பு. எங்கள் எல்லாரிலும் அவளுக்குத்தான் முகம் நிறையப் பரு.

ஒருநாள் சுகாதாரப் பாடத்தில் சுதாகரன் சேர், கச்சான் தின்றால் பரு வரும் என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினைந்து வயதுப் பெட்டைகளுக்கு அது போதாதா? அன்றோடு ஒருத்தியும் கச்சான் வாங்கவில்லை. நானும்தான். என் பரு ஒன்றுகூடக் குறையவில்லை, அது வேறு கதை.

அக்கா மூன்று கிழமை பொறுத்தார். பிறகு நேரே எங்கள் வகுப்புக்குள் வந்துவிட்டார். குரல் உயரவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"சேர், கச்சான் தின்னாத பிள்ளையளுக்குப் பரு வராதோ?"

"குறையும் எண்டு சொல்லினம்" என்றார் சேர்.

"அப்ப என்ர பிள்ளையைப் பாருங்கோ. ராஜினி, எழும்பு."

ராஜினி எழுந்தாள். முப்பது பேரும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தோம். அக்காவின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்ற பிள்ளையை இப்படியா காட்சிக்கு வைப்பது?

"விக்கிற சாமான் எண்டு ஒரு கொட்டை இவளுக்குக் குடுத்ததில்லை. இவள் கேட்டதுமில்லை. அப்ப இந்தப் பரு எங்கயிருந்து வந்தது? பிள்ளையின்ர தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுறன், இவள் கச்சான் தின்னுறதில்லை."

தலையில் அடித்துச் செய்த சத்தியம் பொய்யானால் அந்தப் பிள்ளை தங்காது. எங்கள் ஊரில் யாரும் அதை விளையாட்டாக எடுப்பதில்லை. "வேண்டாம் அக்கா" என்று சேரே பதறிக்கொண்டு வந்தார். அக்கா கையை ஓங்கிவிட்டார்.

ராஜினி சட்டென்று தலையை விலக்கினாள்.

"சத்தியம் பண்ணாதேங்கோ அம்மா."

"ஏன்?"

"நான் தின்னுறனான். நீங்கள் தோட்டத்துக்குப் போன பிறகு, ஒவ்வொரு நாளும்."

அக்கா அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"ஏனடி களவாத் திண்டனி? பசிக்குது எண்டு என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் உங்கட சோத்தையும் எனக்குத் தருவியள், அம்மா."