கடிக்கும்போது அல்ல, விடும்போது

காதர் பாய் முதன்முறை எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது, "இந்தப் பக்கம் இருக்கிற எல்லாப் பல்லையும் பிடுங்கிடுங்க டாக்டர்" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பினாங்கு ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பல் கிளினிக். டாக்டர் சாமுவேலுக்கு நான் உதவியாளர். கருவிகளைக் கொதிக்க வைப்பது, சிமெண்ட் குழைப்பது, பயந்தவர்களின் தோளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. காதர் பாய் தோளில் கம்பு போட்டு, ஒரு முனையில் சோற்றுக்கூடையும் மறுமுனையில் கறிக்கூடையுமாகத் துறைமுகத்தில் நாசி கண்டார் என்னும் கறிச்சோறு விற்பவர்.

டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். சொத்தை இல்லை. ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். வலிக்கவில்லை.

"எந்தப் பல்லு பாய்?"

"ஒரு நேரம் இது, ஒரு நேரம் அது. ஐஸ் தண்ணி பட்டா சுள்ளுங்குது."

"நல்ல பல்லைப் பிடுங்க மாட்டேன். கொஞ்ச நாள் பார்ப்போம்."

அவர் முகம் வாடி எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. பாசார் ஓரத்தில் பல் பிடுங்குகிறவரிடம் ஒரு கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டார். அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். கழுவிப் பார்த்தேன். குறையே இல்லாத பல். வலி மட்டும் அப்படியே இருந்தது.

"நான் ஆக்குன சோத்த நானே திங்க முடியல, தங்கச்சி" என்றார் என்னிடம். "பாய் தன் சோத்தத் தொட மாட்டேங்குறான், கறியில என்னமோ இருக்குன்னு பேசுறாங்க. நேத்து பாதி மிஞ்சிப் போச்சு லா." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "எங்க வலிக்குதுங்கறத விடுங்க. எப்ப வலிக்குது, அதச் சொல்லுங்க."

பாய் யோசித்தார். "கடிக்கிறப்ப அவ்வளவா இல்ல. கடிச்சுட்டு வாயைத் திறக்கிறேன் பாருங்க, அப்பத்தான் உயிர் போகுது."

டாக்டர் என்னிடம் ஒரு மரக்குச்சியைச் சீவித் தரச் சொன்னார். ஒவ்வொரு பல்லின் முனையிலும் அதை வைத்து, "கடிங்க, விடுங்க" என்றார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் விட்டதும் பாய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்தப் பல்லில் அயோடின் தடவித் துடைத்தோம். நடுவில் தலைமுடி போல ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது.

"விரிசல். கடிக்கும்போது ரெண்டு பக்கமும் விலகுது, விட்டா சேருது. அந்த அசைவுதான் நரம்பைக் கிள்ளுது. பாரம் தூக்குறப்ப பல்லைக் கடிப்பீங்களா?"

"கடிக்காம எப்படித் தூக்குறது? பாக்கும் போடுவேன்."

"கொட்டைப் பாக்கை விடணும்."

"மலாய்ல ஊரு பேரே பாக்கு, டாக்டர்! பினாங்குல இருந்துக்கிட்டு விடச் சொல்றீங்களே!" அன்றுதான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

டாக்டர் பல்லின் முனையைச் சற்று ராவிவிட்டு, சுற்றிலும் மெல்லிய உலோகப் பட்டை போட்டு சிமெண்ட் வைத்தார். "இது சோதனைதான். வலி அடங்கினா தங்கத்துல கேப் போடலாம். விரிசல் வேர் வரைக்கும் போயிருந்தா பிடுங்கத்தான் வேணும். ஒடிஞ்ச எலும்பு கூடிக்கும், விரிசல் விட்ட பல்லு ஒட்டாது பாய்."

வலி அடங்கியது. கேப் போட்டோம். பாய் துறைமுகத்தில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டார், வியாபாரமும் திரும்பியது.

பின்னொரு முறை ஜெலுத்தோங்கிலிருந்து தையல் வேலை செய்யும் ஓர் அக்கா இதே வலியோடு வந்தார். இதே குச்சி, இதே அயோடின், இதே பட்டை, இதே எச்சரிக்கை. ஆனால் அவர் பல்லில் விரிசல் ஈறுக்குக் கீழே போயிருந்தது. சில நாளில் சீழ் கட்டியது, பிடுங்கினோம். அவருக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்லை.

"மொதல்லயே சொன்னீங்கதானே, டாக்டர்" என்று எழுந்து போனார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விரிசல் விட்ட பல்லைக் கட்டிக் காக்கலாம், ஒட்டவைக்க முடியாது. பட்டை போடுவதற்கு முன்பே அதை நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.