தவளை அண்ணனும் நீலப் புள்ளியும்

தவளை அண்ணனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள் அவர் மனைவி ஒருத்திதான். கட்டடங்களுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுவது அவர் பிழைப்பு. தொட்டி வாய்க்குப் பக்கத்தில் செருப்பை ஜோடியாக விட்டுவிட்டு ஏணியில் இறங்குவார். "செருப்பு வெளிய கெடந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். தனியா போர்டு எதுக்கு?" என்பார். வாய்க்குக் குறைச்சலில்லாத மனிதர்.

மனைவிக்கு அந்த வேலை என்றாலே பயம். அவரோடு வேலை செய்த ஒருவர் தொட்டிக்குள் மயங்கிக் கிடந்ததைப் பொழுது சாயும்வரை யாரும் கவனிக்கவில்லை; ஆள் பிழைக்கவில்லை. அதைக் கேட்டதிலிருந்து ஒற்றைக் காலில் நின்றாள். அவர் போன் எங்கே இருக்கிறது என்று தன் போனில் தெரிந்தாக வேண்டும். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற நேரம் போக, மேப்பில் அவர் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்று கேலி செய்வாரே தவிர, அவள் பேச்சைத் தட்டமாட்டார்.

பிறகு ஒரு நாள் தொட்டிக்குள் நிற்கும்போது போன் அடித்து, ஈரக் கையால் எடுக்கப்போய், அது தண்ணீரில் விழுந்து உயிரை விட்டது. புதுப் போன் வந்ததும் ஒரு புதுப் பழக்கமும் வந்தது. தொட்டிக்குள் வெளிச்சத்துக்கு அதுதான் என்பதால், யாரும் கூப்பிட முடியாதபடி இறங்குமுன் அதை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுவார்.

"அப்புறம் நான் எப்படிங்க பாக்கறது?"

அதற்கும் அண்ணனிடம் பதில் தயார். பஸ்ஸில் போகும்போது போனை அந்த மோடில் போட்டு, மேப்பைத் திறந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். பஸ் திரும்ப, புள்ளியும் திரும்பியது. "பாத்தியா? இது சாட்டிலைட் சமாச்சாரம். டவரே வேணாம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இருவரும் பார்த்தது அவர் போனை. அவள் போன் கைப்பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்துப் பார்க்க இந்த இரண்டு கெட்டிக்காரர்களுக்கும் தோன்றவில்லை. அதன் பிறகும் எந்தக் கட்டடத்தில் இறங்கினாரோ அங்கேயே புள்ளி நின்றது. மேலே ஏறியதும் மோடை எடுத்துவிட்டு அவளைக் கூப்பிடுவார். பிசகே வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் தாண்டியும் அழைப்பு வரவில்லை. புள்ளி பச்சைக் கேட் போட்ட குடியிருப்பில் நின்றது. பெரிய தொட்டியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வெயில் இறங்கியது. புள்ளி துளிகூட அசையவில்லை. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். மருந்துச் சீட்டை நீட்டியவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

பச்சைக் கேட்டில் காவலாளி நாற்காலியில் சாய்ந்திருந்தார். தொட்டி மூடியிருந்தது. பக்கத்தில் செருப்பு இல்லை.

"அவரு மத்தியானமே முடிச்சிட்டாரும்மா. யாரோ ஒருத்தர் வந்து, புதுசா கட்டின வீட்டுல ஒரு தொட்டி இருக்குன்னு கையோட கூட்டிட்டுப் போனாரு."

"எங்கங்க? இதுல இங்கதானே காட்டுது?" போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்த நொடியில் அவளுக்குப் பஸ் ஞாபகம் வந்தது. புள்ளி நகர்ந்தது அவர் போனில். அவர் இருக்கிற இடம் அவர் போனுக்குத் தெரிந்தது. அதை அவள் போனுக்குச் சொல்லி அனுப்பத்தான் டவர் வேண்டும்; மோடில் போட்டதும் அவள் போனில் புள்ளி பழைய இடத்திலேயே நின்றுவிடும். அடுத்தடுத்த வேலை என்று மோடை எடுக்காமலே போயிருக்கிறார் மனுஷன்.

"எந்தப் பக்கம் போனாங்க?"

"அந்தப் பின்தெரு. இருங்கம்மா, நானும் வர்றேன். இந்நேரத்துக்குத்தான் அங்க கார்ப்பரேஷன் தண்ணி தொறந்து விடுவாங்க, தொட்டியெல்லாம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

பின்தெருவில் குழாய்கள் ஏற்கெனவே இரைந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டில் வாளி நிரம்பி வழிந்தது. அவள் ஒவ்வொரு கேட்டாக உள்ளே எட்டி, தரையைத்தான் பார்த்தாள். கார், சைக்கிள், செடித்தொட்டி. செருப்பைக் காணோம். கடவுளே, கடவுளே என்று வாய்விட்டே சொன்னாள். கடைசியில் வர்ணம் பூசாத ஒரு வீடு, இன்னும் யாரும் குடிவரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஒரு சதுர வாய் திறந்துகிடந்தது. அதன் பக்கத்தில் ஜோடியாகச் செருப்பு.

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். "என்னங்க!" என்று அவள் அலறியதும் கீழே போன் வெளிச்சம் ஒன்று அசைந்தது.

ஏணி சரிந்து, கால் முறிந்து, சுவரில் சாய்ந்து நின்றார். தண்ணீர் நெஞ்சைத் தாண்டியிருந்தது. ஒரு கையால் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். காவலாளி மேலே கிடந்த கயிற்றை எடுத்து இறக்கினார். அண்ணன் அதைப் பிடிக்கவில்லை. அவளையே பார்த்தார்.

"மோட எடுத்துப் பாத்தேன், டவர் இல்ல... கூட்டிட்டு வந்தவரும் போயிட்டாரு. கத்தினேன், யாரும் வரல. ஆனா எனக்குப் பயமே இல்ல. புள்ளியப் பாத்துக்கிட்டுதானே இருப்பே, வந்துடுவேன்னு தெரியும்."

அவள் கையிலிருந்த போனில் அவர் இன்னமும் பச்சைக் கேட் குடியிருப்பில்தான் இருந்தார்.

"மொதல்ல கயிறப் பிடிங்க" என்றாள்.