காசு வாங்கியதைச் சொல்லாத வீடியோ

சங்கரன்கோவிலில் இருந்து சமையல் வீடியோ போடுகிறேன். ஒரு கிரிப்டோ நிறுவனம் பணம் கொடுத்து, விளம்பரம் என்று சொல்லாமல் அவர்களுடைய செயலியைப் பாராட்டச் சொன்னது. பாராட்டினேன்.

மறுநாள் பூ மார்க்கெட்டில் ஒரு பெண், "யக்கா, நீங்களும் அதுல பணம் போட்டிருக்கியள்லா? உங்கள நம்பி செயின அடகு வைக்கப் போறேன்," என்றாள்.

நான் ஒரு ரூபாயும் போடவில்லை. "வைக்காத தாயி. காசு வாங்கிட்டுப் பேசுனேன்," என்றேன். அவள் செயினைச் சேலைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வக்கீலான என் அண்ணனிடம் சொன்னேன். "ஏட்டி, காசு வாங்குனத மறைச்சிருக்க. யாரும் புகார் கொடுத்தா ஒம்மேலயும் கேஸ் வரும்," என்றான். அன்றே வீடியோவை நீக்கி, நடந்ததைச் சொல்லி வேறொன்று போட்டேன்.

இப்போதெல்லாம், காசு வாங்கியதை முதல் வரியிலேயே சொல்வேன் என்று நிறுவனங்களிடம் சொல்லிவிடுகிறேன். சிலர் உடனே போனை வைத்துவிடுகிறார்கள்.