பாட்டுக்குள் நடந்த கேதம்

இப்போது எங்கே போனாலும் அந்தப் பாட்டு கேட்கிறது. உக்கடம் பேருந்து நிலையத்தில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், கல்யாண மண்டபத்தில் பாயசம் ஊற்றும் நேரத்தில். யாரோ கிட்டாரைச் சுவரில் அடித்து உடைப்பதுபோலத் தொடங்கும். பிறகு செத்துப்போன ஒருவன், தன் சாவுக்கு வந்தவர்களைப் பற்றிக் குறை சொல்லிப் பாடுவான். ராக் என்கிறார்கள். இளவட்டம் அத்தனைக்கும் மனப்பாடம். அதன் வீடியோவில், பந்தலுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வயதான பெண் அழுவாள். அது என் அக்கா.

அவள் கணவர், என் மச்சான், கொரோனாவில் போனவர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானம். அக்கா அப்போது காய்ச்சலோடு தனி அறையில் கிடந்தாள். ஒரே மகன் பெங்களூரில், பாஸ் கிடைக்காமல். உடலோடு போனது நானும் மச்சானின் பங்காளி ஒருவரும்தான். வருவாய்த்துறையில் காலம் தள்ளியவன் நான். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று தெரியும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் எல்லாவற்றையும் தட்டி எழுப்பி வாங்கிக் கொடுத்தேன். அரசாங்கத்தைப் பொறுத்தவரை மச்சான் குறைவில்லாமல் இறந்துவிட்டார்.

வீட்டில் அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கூட உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவதைக் கேதம் கேட்பது என்பார்கள். மச்சானுக்கு அது நடக்கவில்லை. ஊரடங்கு முடிந்தபின் வந்தவர்கள் காபி குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், சுவரில் இருந்த படத்தைப் பார்க்காத மாதிரிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். காலம் தாண்டிப்போன பிறகு எப்படி அழுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அக்கா வீடு அன்னூர் பக்கம், தோட்டத்துக்குள். பெரிய வாசல். போன வருஷம் அதைத் தேடிக்கொண்டு கோயமுத்தூரிலிருந்து நாலு பையன்கள் வந்தார்கள். பாடுகிறவனுக்கு முதுகு வரை முடி.

"அம்மா, ஒரு பாட்டு எடுக்கறமுங்க. வாசல்ல சாவு ஊடு மாதிரி செட்டுப் போடோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

அக்கா யோசிக்கக்கூட இல்லை. "போட்டுக்குங்க கண்ணு. போறப்ப கூட்டி உட்டுட்டுப் போங்க."

ஊராட்சியில் அனுமதி, ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் கடிதம், படத்தில் வருகிறவர்களிடம் சம்மதக் கையெழுத்து என்று நான் வரிசையாகக் கேட்டேன். "பாத்துக்கலாம் அங்கிள்" என்றான் முடிக்காரன். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றவன் நான்.

அன்று காலை பந்தல் எழுந்தது. தப்பட்டைக்காரர்கள் வந்தார்கள். முடிக்காரன் கறுப்புக் கண்ணாடியோடு குளிர்பெட்டிக்குள் படுத்தான். எல்லாம் செய்தோம், இது ஷூட்டிங் என்று ஒரம்பரைக்குச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ரோட்டில் பைக்கில் போன ஒருவர் பந்தலைப் பார்த்துப் பல்லடம் வரை போன் போட்டுவிட்டார். எங்கள் சனம் போனில் 'யார் போனது' என்று துருவிக் கேட்காது. அது மரியாதை இல்லை. மாலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடும்.

முதலில் வந்தவள் பல்லடத்தில் வாழ்க்கைப்பட்ட மச்சானின் தங்கை. தலைவிரி கோலமாக வாசலுக்குள் நுழைந்தவள், அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணி! நீங்க போயிட்டீங்கன்னு பஸ்ஸெல்லாம் அழுதுட்டு வாரேன். இப்படிக் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்களே!"

"இது ஷூட்டிங்கு அம்மணி. பாட்டு எடுக்கறாங்க."

"அப்ப இந்த மாலைய என்னங்க பண்றது?"

அக்கா உள்ளே கையைக் காட்டினாள். அவள் போய் அண்ணனின் படத்துக்கு மாலையைப் போட்டாள். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. "எங்கண்ணனுக்கு ஒரு மாலை போட உடலீங்களே அண்ணி அன்னைக்கு" என்று அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இருவரும் அழுதது, யார் சொன்னாலும் நிற்கிற அழுகையாக இல்லை. பின்னால் வந்து இறங்கிய சனமும் சேர்ந்துகொண்டது. 'கட்' என்று எவனோ கத்தினான், தப்பட்டை நிற்கவில்லை. கேமராக்காரன் படம் பிடிப்பதை நிறுத்தவில்லை. குளிர்பெட்டிக்குள் இருந்தவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அசையாமல் கிடந்தான்.

பொழுது சாய்வதற்குள் ஒரம்பரை ஒவ்வொருவராக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் நடந்தார்கள். பையன்கள் மட்டும் "வாரோமுங்க ஆண்ட்டி, தேங்க்ஸ்" என்று வேன் மறையும்வரை கையை ஆட்டினார்கள். வாசலைக் கூட்டிவிட்டுத்தான் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

வீடியோ வெளியான வேகத்தில் பரவியது. 'யாருப்பா இந்த அம்மா, அவார்டு குடுங்க' என்று கீழே எழுதினார்கள். பரீட்சை முடிவுக்கும் கிரிக்கெட் தோல்விக்கும் அக்காவின் அழுகையை வெட்டி ஒட்டினார்கள். பெங்களூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, எங்க ஆபீஸ்லயே ஒருத்தன் அம்மா அழுகறத எனக்கே அனுப்பறான். எங்கம்மான்னு அவனுக்குத் தெரியாது. இதத் தூக்கோணும் மாமா. உங்களுக்குத் தெரியாத வழியா?"

வழி இருந்தது. சம்மதக் கையெழுத்து எவனும் வாங்கவில்லை. வீடியோவை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு புகார், பையன்களுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ். பாட்டு எவ்வளவு பெரிய ஹிட்டாக இருந்தாலும் நிற்காது. ஆனால் புகாரைக் கொடுக்க வேண்டியது அக்கா. முகம் அவளுடையது.

அந்தச் சனிக்கிழமை அவனும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அதுவரை வீடியோவைப் பார்த்திருக்கவில்லை. மகன் தன் போனில் போட்டுக் காட்டினான். சத்தம் அதிகம் என்று குறைக்கச் சொன்னாள். தான் அழுவதை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அடுத்த காட்சியில் முடிக்காரன் குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து கிட்டாரை எடுத்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புகார் குடுத்தா மொத்தமும் போயிருமா தம்பி?" என்று என்னைக் கேட்டாள்.

"போயிரும்."

"பல்லடத்துக்காரி அழுதது?"

"அதும்தான்."

புடவை முந்தியைச் சரிசெய்துகொண்டாள். "அன்னைக்கு நம்ம சனத்துல யாரும் 'வாரேன்'னு சொல்லிட்டுப் போகல. கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஷூட்டிங் வீட்டில் அந்தத் தடை கிடையாது.

"அவங்க கேதத்துக்குத்தான் வந்துட்டுப் போயிருக்காங்க" என்றாள் அக்கா. "புகாரெல்லாம் வேண்டாம்."

"அம்மா, கண்டவனெல்லாம் சிரிக்கறான்" என்றான் மகன்.

"சிரிக்கட்டும். உங்கப்பனுக்கு வந்த சனம்டா அது." பிறகு என்னிடம் திரும்பி, "அந்தப் பையன் எந்திரிக்கறான் பாரு, அத மட்டும் எடுக்கச் சொல்ல முடியுமா?"

"அதுதான் பாட்டே அக்கா."

"அப்ப உடு."

அந்த ஒரு காட்சியை மட்டும் எடுக்க வைக்கும் விதி எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருப்பேன்.

அவள் போனை மகனிடம் நீட்டி, பின்னால் தள்ளச் சொன்னாள். அவன் தள்ளினான். அவள் விரலால் ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு வந்தாள். இது உங்கத்தை. இது மேக்கால தோட்டத்துக்காரங்க. இந்தம்மா உங்கப்பா கூடப் படிச்சவரு சம்சாரம், அவரே இப்ப இல்ல. தூணோரம் நிக்கறது உன்ற மாமன். ஒவ்வொரு முகத்துக்கும் அவன் படத்தை நிறுத்தி வைத்தான். பந்தலின் கடைசி நாற்காலி வரை வந்தபிறகு அவன் மெதுவாக, "நான்தாம்மா இல்ல" என்றான்.

"நீ இருந்திருந்தா ஷூட்டிங்குனு சொல்லி அத்தனை பேரையும் தொரத்தியிருப்பே" என்றாள் அக்கா.

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது. நான் எழுந்து வெளியே வந்து, வாசலில் நின்றுகொண்டேன்.