கை தட்ட ஓர் இடம்

பதுளையில் மேட்ச் பார்க்க எந்த பாருக்குப் போகலாம் என்றால் எங்கள் ஆட்கள் எனக்குத்தான் போன் போடுவார்கள். பதினெட்டு வருடமாக ஆபீசில் ஃபைல் நகர்த்துகிறேன். அந்த வேலையைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை. இந்த ஒரு துறையில் மட்டும் நான் நிபுணன்.

ரயில் ஸ்டேஷன் பக்கத்து பாரில் டீவி பெரியது. ஆனால் தூணுக்குப் பின்னால் மேசை கிடைத்தால் பந்து போடுகிறவன் ஓடி வருவது தெரியும், பந்து எங்கே போனது என்று தெரியாது. பஜாரில் மாடியில் இருக்கும் பாரில் காரமாகப் பிரட்டிய கோழி டெவல் பிரமாதம். ஆனால் டாய்லெட்டுக்கு டீவியின் குறுக்கேதான் போகவேண்டும், கடைசி ஓவரில் எல்லோருக்கும் அவசரமாக வரும். இதையெல்லாம் யார் கேட்டாலும் விளக்குவேன்.

விளக்காத விதி ஒன்று உண்டு. இலங்கையும் இந்தியாவும் ஆடும் நாளில் நான் டீவியைப் பார்த்து பாரைத் தேர்ந்தெடுப்பதில்லை. வாசல் பக்கம் மேசை இருக்கிறதா, அடுத்த மேசைக்காரர்கள் எத்தனையாவது போத்தலில் இருக்கிறார்கள், வெயிட்டருக்கு என் முகம் பழக்கமா, இவைதான் கணக்கு.

இத்தனைக்கும் நான் இலங்கைப் பக்கம். தோற்றால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. ஆனாலும் தமிழ் பேசுகிற ஆள் இந்தியாவுக்குத்தான் கை தட்டுவான் என்று பக்கத்து மேசை நினைத்துவிடுமோ என்று ஒரு பயம். அதனால் என் கைதட்டலில் எப்போதும் சத்தம் கொஞ்சம் கூடுதல். விக்கெட் எடுத்தவனே அவ்வளவு துள்ளமாட்டான்.

மச்சான் இந்தியாப் பக்கம். என் மனைவியின் அண்ணன், பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை பெக்டரியில் வேலை. தோட்டக்காரர்கள் ஒட்டி ஒட்டி இருக்கும் அவர் லயத்து வரிசையில் பாதி வீடு இந்தியா, பாதி வீடு இலங்கை. மேட்ச் அன்று சுவருக்குச் சுவர் கத்திக்கொள்வார்கள், மறுநாள் ஒரே பைப்பில் தண்ணீர் பிடிப்பார்கள். நான் பெண் கேட்டுப் போனபோது, மாப்பிள்ளைக்கு வாய் நீளம் என்று அந்த வீடே தயங்கியது. சிரிக்க வைக்கிற ஆள் தங்கச்சியை அழ வைக்கமாட்டார் என்று சொல்லி முடித்து வைத்தவர் இவர்தான். இந்த உலகத்தில் என் வாயை நம்பிய ஒரே மனிதர்.

அவரை ஒரு நாளாவது டவுனில் பெரிய டீவி முன்னால் உட்கார வைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் மேட்ச், மச்சான் அயர்ன் செய்த சட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மாடி பாருக்குக் கூட்டிப் போனேன். படியேறும்போதே, சத்தம் இல்லாமல் பார்ப்போம் மச்சான் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ஒரு மணி நேரம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு இந்தியாக்காரன் ஒருவன் அடித்த சிக்ஸர் கேமராவுக்கே அகப்படாமல் போனது. மச்சான் தன்னை மறந்து கை தட்டிவிட்டார். நாலைந்து தட்டு இருக்கும். அடுத்த மேசையில் இருந்த தடித்த மனிதர் திரும்பி, இந்தியாவா என்று சிங்களத்தில் கேட்டார்.

கேட்டது அவ்வளவுதான். மச்சான் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், சிரித்துக்கொண்டே சொன்னேன்: "இவரைக் கணக்கில் எடுக்காதீங்க. தோட்டத்து ஆள், இன்னைக்குத்தான் டீவியையே பார்க்கிறார். யார் அடிச்சாலும் தட்டுவார்."

அந்த மேசை சிரித்தது. வெயிட்டர் சிரித்தான். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது நான். லயத்தில் பிறந்து வளர்ந்த நான்.

மச்சான் சிரிக்கவில்லை. அந்த மனிதரின் பக்கம் நாற்காலியைத் திருப்பி, ஆமாம் இந்தியாதான், ஆனால் உங்கள் சுழல்பந்துக்காரன் இன்று அருமையாகப் போடுகிறான் என்றார். பெக்டரியில் சிங்கள மெக்கானிக்குகளோடு இருபது வருடம் பேசிய சிங்களம். என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு சுத்தம். அந்த மனிதர் தன் கடலைத் தட்டை இவர் பக்கம் தள்ளினார். எந்தத் தோட்டம், பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்தார். இருவரும் நாலைந்து ஓவர் பேசினார்கள். நான் ஒன்றும் தெரியாதவன் போல டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இலங்கை ஜெயித்தது. எனக்குக் கை எழும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "என்ன மச்சான், அந்தாளு உங்கள தத்து எடுத்துருவான் போல இருக்கே?"

அவர் பசறை பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அவரு ஒன்னுமே தப்பா கேக்கல மச்சான். நீங்கதான் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அதையும் கிண்டல் செய்து சமாளித்திருப்பேன். அவர் உள்ளே போய், நான் நின்ற பக்கத்தை விட்டு அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று மேட்சுக்குக் கூப்பிட்டேன். ஒரு தடவை பெக்டரியில் ஓவர்டைம், ஒரு தடவை கோயில் கூட்டம், ஒரு தடவை மூக்கடைப்பு, தடிமன். ஒவ்வொரு தடவையும் என் சுகத்தை மறக்காமல் விசாரித்தார். அந்த மரியாதைதான் தாங்கமுடியவில்லை.

போன வாரம் மனைவி கேட்டாள், அண்ணன் ஏன் இந்தப் பக்கமே வருவதில்லை என்று. பஸ் சரியில்லை என்றேன். அவள் விடவில்லை. கடைசியில் நடந்ததைச் சொன்னேன். அந்தச் சிங்கள வசனத்தைத் தமிழில் சொன்னபோது, பழக்கதோஷம், பாரில் சொன்ன அதே இழுப்போடு சொல்லிவிட்டேன்.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"இதுல சிரிக்க என்னங்க இருக்கு?"

கீழே சிதறிக் கிடந்த தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி இலங்கையும் இந்தியாவும். இந்த முறை பாருக்குப் போகவில்லை, பசறைக்குப் போய் உன் அண்ணன் வீட்டில் பார்க்கிறேன் என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே, "அண்ணங்கிட்ட வரலாமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போங்க" என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் கேட்கவில்லை.