ஆட்டுக்குப் போட்ட ஊசி

அறுபதுகளில் நாங்கள் பம்பாய் தாராவியில் குடியிருந்தோம். என் கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு மழைக்காலத்தில் எங்கள் வெள்ளாடு வயிறு உப்பி, தீனி எடுக்காமல் கிடந்தது. அதே சமயம் எனக்கும் வயிறு கல்லாக இறுகி, குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்தது.

கணவர் எருமைத் தொழுவத்தில் மாடுகளுக்கு ஊசி போடும் ஆளை அழைத்து வந்தார். இரைப்பையை வேகமாக அசைத்து, உள்ளே இருப்பதைக் கீழே தள்ளும் மருந்தாம்.

"மொதல்ல ஆட்டுக்குப் போடும். மிச்சத்த இவளுக்குப் போட்டுருவோம்" என்றார் கணவர்.

ஊசி ஏறிய சிறிது நேரத்தில் ஆட்டின் வயிறு புரண்டது. அது கால்களை உதைத்துக்கொண்டு அலறியது. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாலைக்குள் நுரை தள்ளிச் செத்தது. கறிக்காக அறுத்தபோது, குடலுக்குப் போகும் வழியைத் தோல்வார்ச் சுருள் ஒன்று அடைத்திருந்தது. இரைப்பை கிழிந்திருந்தது.

அதுவரை அங்கேயே இருந்த ஊசிக்காரர் மறுபடியும் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"ஆடு தோலத் தின்னுச்சு, அதான் செத்துச்சு. நீ என்னத்தட்டி தின்ன? கையக் காட்டு" என்றார் கணவர்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றே ஆபரேஷன் செய்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது.

"அந்த ஊசியைப் போட்டிருந்தா உங்க குடலும் கிழிஞ்சிருக்கும்மா" என்றார் தமிழ் டாக்டர்.

கணவர் பார்க்க வந்தார். "கறி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு வலித்தாலும், அடைப்பு இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை பேதி மருந்துகூடக் கொடுக்க விடுவதில்லை. எனக்கு உடம்புக்கு வந்தால், கணவரிடம் சொல்லாமல் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன்.