கயிறு சார் போட்ட மண்டலம்

பென்சிலில் ஒரு சுருக்கு, தாளின் நடுவே ஊன்றிய கட்டைவிரலில் ஒரு சுருக்கு. கயிறு விறைப்பாக நின்றால்தான் விடுவார். "தொய்யக் கூடாது சாம்பியன், இழுத்துப் பிடி... ஒண்ணு, ரெண்டு, சுத்து!" நாலாம் வகுப்பின் முப்பது பென்சில்களும் ஒரே நேரத்தில் சுற்றும். அதில் நாலைந்து வட்டங்கள் உருளைக்கிழங்காக வந்து முடியும். "பரவால்ல, உருளைக்கிழங்குக்கும் நடு உண்டு" என்று நகர்ந்துவிடுவார் கயிறு சார்.

அவர் உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தில் ஆணியடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டுப் பதினெட்டு வருடமாகத் தழும்பேறிய கை. கால்சட்டைப் பையில் எந்நேரமும் கயிற்றுச் சுருள் புடைத்துக்கொண்டிருப்பதால் இந்தப் பெயர். ஓவிய டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் தலைமையாசிரியை அந்த வகுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார். குதிரை வரைந்தால் மேசை மாதிரி வரும் மனிதர். "போர்டு பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்று மனைவி வயிறு வலிக்கச் சிரித்தார்.

டீச்சர் விட்டுப்போன குறிப்பேட்டில் 'அவரவர் மண்டலம்' என்றொரு பாடம்: வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படம். நடுவில் நீ, உள்வளையத்தில் உனக்குப் பிடித்தவர்கள், வெளிவளையத்தில் உன் பயங்கள். வட்டம் என்றதும் சாருக்கு உயிர் வந்தது.

வரைகிறபோது துருவிக் கேட்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். முன்வரிசைப் பையன் ஒருவன் நாயை உள்ளே வைத்து, தம்பியை வெளியே தள்ளியிருந்ததைப் பார்த்தபோதுதான் அடக்க முடியவில்லை.

"தம்பி ஏன்டா பயத்துல நிக்கிறான்?"

"கடிப்பான் சார்."

"அப்போ நாய்?"

"அது நல்லது சார்."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்து முடித்துவிட்டு வந்தார்.

ஜன்னலோரச் சிறுமியின் தாளில் வட்டமே இல்லை. அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது.

"சார், நடுவுல ரெண்டு புள்ளி வைக்கலாமா?"

"எதுக்கும்மா?"

"அம்மா வீடு ஒண்ணு, அப்பா வீடு ஒண்ணு. ரெண்டுலயும் நான் இருக்கேன்ல?"

சார் காதைச் சொறிந்தார். பள்ளி முகப்பில் இரண்டு ஆணியடித்து நீள்வட்டப் பூப்பாத்திக்குக் கோடு போட்டவர் அவர்தான். புதுத் தாள் எடுத்தார். கயிற்றை வளையமாக முடிந்து, இரண்டு கட்டைவிரல்களிலும் மாட்டி, தாளில் தள்ளித் தள்ளி ஊன்றினார். "நான் பிடிச்சுக்கறேன். நீ உள்ள பென்சிலை வச்சு, இழுத்துச் சுத்து."

பென்சில் இரண்டு விரல்களையும் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"ரெண்டும் உள்ள வந்துடுச்சு சார்!"

"வராம? கயிறு யாரோடது!"

படங்களையெல்லாம் சுவரில் ஒட்டிப் பெற்றோருக்குக் காட்டும் கண்காட்சிக்கு முந்தின நாள், தலைமையாசிரியை அந்தச் சிறுமியின் தாள்மேல் விரலை வைத்தார். "மண்டலம்னா வட்டமா இருக்கணும் சார். இது என்ன, முட்டை?"

"அவ வீடு அப்படிங்க மேடம்."

"சுவத்துல இடமில்ல. எடுத்துடுங்க."

பதினெட்டு வருடத்தில் சார் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் "சரிங்க மேடம்" என்றுதான் சொன்னார்.

மறுநாள் காலை, பெற்றோர் வரும் நேரம். கூடத்து வாசலில் அந்தத் தாளை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தபடி கயிறு சார் நின்றிருந்தார். தலைமையாசிரியை வாயைத் திறந்தார். ஆட்கள் வருவதைப் பார்த்து மூடிக்கொண்டார். முதலில் சிறுமியின் அம்மா வந்தார். பத்தடி தள்ளி அப்பா. அவள் ஓடிப்போய் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினாள். மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

சாரின் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை.